மீனாகக் கொண்டு வரச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மா, எனக்குத் தை மாதம் கல்யாணம் ஆயிற்று. பிறந்த வீடு கடலூர் மஞ்சக்குப்பம், புகுந்த வீடு புதுச்சேரி. முன்பு ஓர் இதழில் நீங்கள் பாராட்டி எழுதிய ‘கசால், கசாலி, கசாலோ’ என்ற பிலிப்பைன்ஸ் படத்தை நானும் அவரும் சப்டைட்டிலோடு பார்த்தோம். புதுசாகக் கல்யாணமான ஜோடி, இரண்டு பக்கமும் எல்லாவற்றிலும் தலையிடும் சம்பந்திகள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பாதிக்கு மேல் சிரிப்பு வரவில்லை. என் அம்மா ஞாயிற்றுக்கிழமை ஆனால் மீன் குழம்பு வைத்துத் தூக்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுகிறார். அத்தை அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘நம்ம வீட்டுல அவளுக்குச் சோறு போடலையா?’ என்று அவரிடம் கேட்டாராம். அவரோ என்னிடம், ‘நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்கிறார். நான் யாரிடம் என்ன சொல்வது?
– பெயர் சொல்ல விரும்பாத வாசகி, லாஸ்பேட்டை

பதில்: கண்ணு, முதலில் குழம்பு விஷயத்தை முடித்துவிடுவோம். அம்மாவிடம் சொல்: இனிமேல் குழம்பாகக் கொண்டு வர வேண்டாம், மீனாகக் கொண்டு வரட்டும். முதுநகர் துறைமுகத்தில் காலையில் வாங்கிய வஞ்சிரமோ சங்கராவோ, கழுவி ஐஸ் போட்டு எடுத்து வந்து உன் அத்தை கையில் கொடுக்கட்டும். வெந்த குழம்பு வாசலில் வந்து நின்றால், அந்த வீட்டு அடுப்பு போதவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. உன் அம்மா அப்படி நினைத்திருக்கவே மாட்டார், எனக்குத் தெரியும். ஆனால் அத்தை காதில் அப்படித்தான் விழுகிறது. அதே மீனை அவர் கையில் கொடுத்தால் அது அவர் சமையல், அவர் புளி, அவர் பக்குவம். அன்றைக்குச் சாப்பாட்டில் உன் அம்மா விருந்தாளி. ‘சம்பந்தி, மாங்காய் போட்டிருக்கீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பேச்சு தானாக வளரும்.

இன்னொன்று. வரப்போகிற சேதி உன் மூலமாகப் போகக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் உன் அம்மாவே அத்தைக்குப் போன் போட்டு, ‘நாளைக்கு வரலாமா, உங்களுக்குத் தோதுப்படுமா?’ என்று கேட்கட்டும். மகளைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போவதற்கு அனுமதியா என்று உன் அம்மாவுக்குக் கோபம் வரலாம். அது அனுமதி இல்லை, மரியாதை. அந்த ஒரு போனுக்குப் பிறகு, ‘அம்மா வர்றாங்களாமே’ என்று உன்னிடம் சொல்கிற ஆளே உன் அத்தையாகத்தான் இருப்பார்.

இனி உன் வீட்டுக்காரர். அவரிடம் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டும். தம்பி, உங்கள் அம்மாவின் வருத்தம் உங்களிடம்தான் வந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். அதை அப்படியே எடுத்து வந்து மனைவி தலையில் இறக்கிவைத்துவிட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்று சொன்னால், மாமியார் மருமகள் சண்டையை மூட்டிவிட்டது நீங்கள் என்றுதான் நான் சொல்வேன். ‘அம்மா, அவங்க பாசத்துல கொண்டு வர்றாங்க, உன் சமையலைக் குறை சொல்லலை’ என்று அங்கேயே சொல்லியிருந்தால் விஷயம் அந்த அறையைத் தாண்டியிருக்காது. அவரவர் பெற்றவர்களிடம் அவரவர் பேசுங்கள். இதைவிடப் பெரிய யோசனை என்னிடம் இல்லை.

நான் கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் தாலி கட்டிவிட்டு, டிபனுக்கு மண்டபத்தில் வந்து இறங்குவார்கள். வேனிலிருந்து இறங்கும்போதே சம்பந்திகளின் முகத்தைப் பார்ப்பேன். மாப்பிள்ளை அறையில் ஏசி ஓடவில்லை, காபி ஆறிப்போய் வந்தது, பெண்ணின் சித்தப்பாவை முதல் பந்தியில் கூப்பிடவில்லை, பேனரில் மாப்பிள்ளையின் தாத்தா பெயரை விட்டுவிட்டார்கள். இதில் எது வந்தாலும், பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே பேச்சாக நின்ற கல்யாணத்தில் சாப்பாட்டுக்குள் சண்டை அடங்கிவிடும். மாப்பிள்ளை தன் அம்மா பக்கமும் பெண் தன் அம்மா பக்கமும் போய் நின்றுவிட்டால், மண்டபத்தைக் காலி செய்யும் வரை அடங்காது.

பிலிப்பைன்ஸில் சம்பிரதாயப்படி கல்யாணச் செலவு மாப்பிள்ளை வீட்டாருடையது. நம் ஊரில் பெண் வீட்டார்தான் தாங்குகிறார்கள். பணம் போடுகிறவர்தான் அதிகாரம் செய்வார் என்று பலரும் சொல்வார்கள். அது முழுக்கச் சரியாக இருந்தால், அங்கே பெண்ணின் அம்மா வாய் திறக்கக் கூடாது, இங்கே பையனின் அம்மா வாய் திறக்கக் கூடாது. அப்படியா நடக்கிறது? இரண்டு ஊரிலும் இரண்டு அம்மாக்களும்தான் பேசுகிறார்கள். பெற்ற பிள்ளைக்கு நாளைக்கு என்ன கட்டிக் கொடுக்கலாம் என்று வருஷக்கணக்காக யோசித்துப் பழகிய மனசு, கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் வேலை இல்லாமல் நிற்கிறது. உன் அம்மாவின் தூக்கில் இருப்பது அதுதான் கண்ணு. அத்தையின் கோபத்திலும் அதுதான் இருக்கிறது.

கேள்வி: அந்தப் படத்தில் மாப்பிள்ளையின் அம்மாவாக வருகிறவர் நிஜத்தில் அழகிப் பட்டம் வென்றவர் என்கிறார்களே, உண்மையா? படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: உண்மைதான். குளோரியா டியாஸ். 1969-இல் அமெரிக்காவின் மயாமி பீச்சில் நடந்த போட்டியில் பிரபஞ்ச அழகியாகத் தேர்வானவர். பிலிப்பைன்ஸுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் முறை. அந்த அழகும் நிமிர்வும் படத்தில் வசதியான வீட்டு அம்மாவுக்கு அப்படிப் பொருந்தியிருக்கின்றன.

அவருக்கு எதிரே பெண்ணின் அம்மாவாக ஜீனா பரேன்யோ. என்னைக் கேட்டால் படமே அவருடையது. அதே 2006-இல் ‘குப்ராடோர்’ என்ற வேறொரு படத்தில், மணிலாவின் சந்துகளில் சூதாட்டப் பந்தயப் பணம் வசூலிக்கும் வயதான பெண்ணாக நடித்தார். அதற்காக நம் தில்லியில் நடந்த ஓசியான்ஸ் சினிஃபேன் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். ஒரே வருஷத்தில் அந்தக் கனமான பாத்திரமும் இந்தச் சிரிப்பும். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

எழுதி இயக்கியவர் ஹோசே ஹாவியேர் ரேயெஸ். ஆஞ்சியாக ஜூடி ஆன் சாண்டோஸ், ஜெட்டாக ரயன் அகோன்சில்யோ. படத்தில் தம்பதியாக நடித்தவர்கள் 2009-இல் நிஜமாகவே திருமணம் செய்துகொண்டார்கள்.

எனக்கு இந்தப் படங்களைக் காட்டியவள் என் தங்கை. குவைத்தில் செவிலியாக இருந்தபோது அவளுடன் அறையில் தங்கியிருந்தவர்கள் பிலிப்பைன்ஸ் பெண்கள். அவர்கள் சொல்லித்தான் ஒரு விஷயம் தெரிந்தது. மணிலாவில் 1975-லிருந்து நடக்கும் திரைப்பட விழா டிசம்பர் 25 அன்று தொடங்கும். விழா நாட்களில் தியேட்டர்களில் வெளிநாட்டுப் படங்களுக்கு இடமில்லை, உள்நாட்டுப் படங்கள்தான். இந்தப் படமும் 2006-இல் அந்த விழாவில்தான் வந்தது. ஜூடிக்குச் சிறந்த நடிகை விருதும் ஜீனாவுக்குச் சிறந்த துணை நடிகை விருதும் அங்கேயே கிடைத்தன. நமக்குத் தீபாவளி, பொங்கல் ரிலீஸ் எப்படியோ, அவர்களுக்குக் கிறிஸ்துமஸ். பாட்டி முதல் பேரன் வரை குடும்பமாகப் போவார்கள். மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப்போகும் படம் என்று தெரிந்து எழுதுகிறவர், மாமியாரை அரக்கியாக்க முடியாது. இரண்டு பேருக்கும் நியாயம் கொடுத்தாக வேண்டும். நம் சீரியல்கள் எழுதுகிறவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

கேள்வி: மாமனார், மாமியார் இருவரும் ‘உங்க அப்பா சொன்ன நகையில் இன்னும் பாக்கி இருக்கு’ என்று தினமும் சொல்லிக் காட்டுகிறார்கள். போன வாரம் என் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். கணவர் பேசாமல் இருக்கிறார். நீங்கள் சொல்வதுபோல் பொறுத்துப் போகவா?
– வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: வேண்டாம் அம்மா. நான் பொறுத்துப் போகச் சொன்னது மீன் குழம்பை. இது அந்த வகையே இல்லை. பாக்கி நகை கேட்பது 1961-ஆம் வருஷத்து வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். போனைப் பிடுங்கி யாரோடும் பேசவிடாமல் செய்வதற்கு எதிராக 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அந்த வீடு உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் அதில் வசிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. 181 பெண்கள் உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள். யாருடைய போனிலிருந்தாவது இன்றைக்கே பேசுங்கள். அப்பா அம்மாவிடம் மறைக்காதீர்கள். அவர்கள் வருத்தப்படுவார்களே என்று மறைத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்தப் பட்டியலில் சேரக் கூடாது.

கேள்வி: எனக்கு ஒரே மகன். மருமகள் அந்தப் பிலிப்பைன்ஸ் படத்தை டி.வி.யில் போட்டுக் காட்டி, நடுவில் சிரித்துக்கொண்டே ‘அத்தை, இது நீங்களேதான்!’ என்றாள். நானும் சிரித்துவிட்டேன், ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. இப்போது மகன் தனிக்குடித்தனம் போகலாமா என்று கேட்கிறான். அவனுக்காகத்தானே எல்லாம் செய்தேன்? நான் என்ன தப்பு செய்தேன்?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களுக்கு மருமகள்மேல் கோபம் இல்லை, பயம்தான் இருக்கிறது. அதனால் மனசு விட்டே பேசுகிறேன்.

மாமியாரைப் பிடிக்காத மருமகள் படத்தைத் தனியாகத்தான் பார்ப்பாள். உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே ‘இது நீங்களேதான்’ என்று சொல்லும் தைரியம், நீங்கள் அடிக்க மாட்டீர்கள், ஒதுக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கை இருப்பவளுக்குத்தான் வரும். நானாக இருந்தால் மறுநாள் காலை காபி கொடுக்கும்போது, ‘எந்த இடத்துல என்னை மாதிரி இருந்துச்சு, சொல்லு’ என்று கேட்டுவிடுவேன். அவள் சொல்லப்போவது பெரிய குற்றமாக இருக்காது. பீரோவைத் திறந்து புடவையை மறுபடி அடுக்கியிருப்பீர்கள். வேலை விட்டு வந்தவனிடம், அவள் கேட்பதற்குள் ‘சாப்பிட்டியா’ என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

தனிக்குடித்தனம் என்றதும் மகனைப் பறிகொடுத்துவிட்டதாக நினைக்கிறீர்கள். அங்கே பிலிப்பைன்ஸில், 1987-இல் கொண்டுவந்த குடும்பச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மணமக்கள் 21 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் இருந்தால், பெற்றோரின் யோசனையைக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டாலும், பெற்றோர் வேண்டாம் என்றாலும், கல்யாணம் செய்துகொள்ள அரசு தரும் உரிமம் கிடைக்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் கல்யாணம் ஆன பிறகு எந்த வீட்டில் குடியிருப்பது என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. முன்னால் பெற்றோருக்கு இடம், பின்னால் தம்பதிக்கு இடம். எனக்கு இந்த வரிசை மிகவும் பிடிக்கிறது. அந்த நாட்டில் முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களில் பெரும்பாலோருக்கு விவாகரத்து என்பதே கிடையாது. ஒருமுறை கட்டிக்கொண்டால் அவிழ்ப்பது அத்தனை கடினம் என்பதால்தான் பெற்றவர்கள் முன்கூட்டியே அவ்வளவு படபடக்கிறார்கள் போலும். நாமும் அப்படித்தானே?

ஆகவே என் யோசனை: மகன் வீடு தேடத் தொடங்குவதற்கு முன்னால் நீங்களே வீடு பாருங்கள். அதே திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயில் பக்கமோ உங்கள் அடுத்த தெருவோ, நடந்து போய்வரும் தூரத்தில். மருமகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். சமையலறை அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள். பால் காய்ச்சும் அன்றைக்கு உங்கள் இரண்டு சம்பந்தி வீடும் வரட்டும். வீட்டின் இன்னொரு சாவியை அவர்கள் கொடுத்தாலும் அவசரத்துக்கு என்று வாங்கி வையுங்கள். அதைப் போட்டுத் திறந்து உள்ளே போகாதீர்கள். மணி அடித்துவிட்டு வாசலில் நில்லுங்கள். மருமகள் கதவைத் திறந்து ‘வாங்க அத்தை’ என்று கூப்பிடுவதில் உங்களுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. ஒரே வீட்டில் இருக்கும்போது அந்த வார்த்தையைக் கேட்கவே வாய்ப்பில்லை.

நீங்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை சகோதரி. உங்கள் வேலையை நன்றாகச் செய்து முடித்துவிட்டீர்கள். மகன் முடிவெடுக்கத் தெரிந்தவனாக வளர்ந்திருக்கிறான், அதையும் உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்கிறான்.

கேள்வி: அக்காவுக்குத் தையில் கல்யாணம் முடிந்தது. எனக்கு ஆவணியில் வைக்கலாம் என்றால், ஒரே வருஷத்தில் ஒரே வீட்டில் இரண்டு கல்யாணம் கூடாது என்று என் அம்மாவும் பெண்ணின் அம்மாவும் சேர்ந்துகொண்டு மறுக்கிறார்கள். இது நம் ஊரில் மட்டும்தானா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: இல்லை தம்பி. உடன்பிறந்தவர்கள் ஒரே வருஷத்தில் திருமணம் செய்தால் ஒருவருடைய அதிர்ஷ்டத்தை இன்னொருவர் பறித்துக்கொள்வார் என்று பிலிப்பைன்ஸிலும் நம்புகிறார்கள். ‘சுகோப்’ என்பார்கள். அவர்கள் பார்ப்பது ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான வருஷத்தை. நம் பக்கம் பல குடும்பங்களில் ஆறு மாத இடைவெளி போதும் என்பார்கள். தைக்கும் ஆவணிக்கும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறது. உங்கள் குடும்பப் பெரியவர் ஒருவரை வைத்து இதை அம்மாக்களுக்குச் சொல்ல வையுங்கள். அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் அடுத்த தைவரை காத்திருங்கள், மண்டபம் தேடவும் நேரம் கிடைக்கும். இரண்டு அம்மாக்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்று சேர்ந்திருக்கிறார்களே, அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு நெய்வேலிக்கு வரவேண்டும் என்று என் அம்மா. ‘இங்கே புதுச்சேரியில் டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதற்கு அலைய வேண்டும்’ என்று அத்தை. இரண்டு பேரும் என் எதிரிலேயே வாக்குவாதம் செய்கிறார்கள்.
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: அந்தப் படத்துக்கு 2007-இல் இரண்டாம் பாகம் வந்தது. ஆஞ்சி, ஜெட்டுக்குக் குழந்தை பிறந்த பிறகு, பிள்ளையை யார் சொல்படி வளர்ப்பது என்று இரண்டு பாட்டிகளும் மோதிக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் குழந்தை வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். பிறக்கும் பிள்ளைக்கு ஆசைக்குப் பஞ்சம் இருக்காது.

அடுத்த செக்கப்புக்கு இரண்டு அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிரஷர், சுகர், குழந்தையின் நிலை எல்லாம் பார்த்து, இத்தனை தூரம் மாறிப் போகலாமா, போவதென்றால் எந்த வாரத்துக்குள் என்று டாக்டர் சொல்லட்டும். இரண்டு பேர் காதிலும் ஒரே நேரத்தில் விழட்டும். அவர் இங்கேயே இருக்கச் சொன்னால், பிரசவ மாதத்தில் உங்கள் அம்மா முத்தியால்பேட்டை வந்து தங்கட்டும். அதற்கான அறையை உங்கள் அத்தையே ஒழித்துத் தரவேண்டும், அதை அவரிடம் கேட்பவர் உங்கள் கணவராக இருக்க வேண்டும். டாக்டர் போகலாம் என்றால் நெய்வேலிக்குப் போங்கள், குழந்தை பிறந்த சேதியை முதலில் அத்தைக்குச் சொல்லுங்கள்.

பிலிப்பைன்ஸ் திருமணங்களில் நினோங், நினாங் என்று ஞானத் தகப்பன், ஞானத் தாய் இருப்பார்கள். சாட்சிக் கையெழுத்துப் போடுவதோடு போய்விட மாட்டார்கள். பிறகு தம்பதிக்கு எது என்றாலும் புத்தி சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. நம் வீடுகளில் அந்த இடத்தில் தாய்மாமன் இருந்தார். உங்களுக்கு மாமா இருந்தால் அவரையும் அந்த செக்கப்புக்கு வரச் சொல்லுங்கள். வண்டி ஓட்ட ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லியே கூப்பிடுங்கள், வந்துவிடுவார்.